புரிந்துகொண்டதற்கு ஒரு சான்று

வங்கிக்காரர்கள் அந்த வக்கீலுக்கு வைத்திருந்த பெயர் கால்மணி. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கால்மணி. கடனுக்கு ஜாமீன் நிற்க வருகிறவர்களை அவளிடம் அனுப்பினால், கால் மணி நேரத்தில் வேலை முடிந்து முத்திரை குத்திய சான்று கைக்கு வந்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படலாமா என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

வேலை இதுதான். ஒருவர் தொழிலுக்குக் கடன் கேட்பார். வங்கி அவர் முகத்தை மட்டும் நம்பிக் கொடுக்காது. சொந்த வீடு வைத்திருக்கும் மனைவியோ மாமனாரோ அண்ணனோ ஜாமீன் போடட்டும் என்னும். பிற்பாடு தொழில் படுத்து, வங்கி அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, ‘ஐயோ, எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே எனக்குத் தெரியாதே’ என்று ஜாமீன்காரர் நீதிமன்றத்தில் அழுவார். நீதிபதியும் மனிதர்தானே, இளகிவிடுவார். இப்படி நாலைந்து இடத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு வங்கிகள் உஷாராகிவிட்டன. இரண்டு பக்கமும் சாராத ஒரு வக்கீல் ஜாமீன்காரரைத் தனியறையில் உட்காரவைத்து விளக்கவேண்டும். ‘விளக்கினேன், புரிந்துகொண்டார், தன் விருப்பப்படியே கையெழுத்திடுகிறார்’ என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

இதில் வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெரிய கடன் ஒப்பந்தங்கள் எழுதுவதுதான் அவளுக்குச் சோறு போட்டது. காலையில் ஒரு வங்கிக்காக எழுதுவாள், மாலையில் வேறொரு வங்கியிடம் மல்லுக்கு நிற்கும் கம்பெனிக்காக எழுதுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் பெரிய வேலையை அனுப்புகிற அதே கிளை மேனேஜர்தான் சின்ன வேலையையும் அனுப்புவார். சின்னதில் சுணங்கினால் பெரியது வராது. அந்த மாதம் வங்கி தன் வக்கீல்கள் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆரம்பத்தில் அவள் உயிரைக் கொடுத்து விளக்கினாள். படம் போட்டுக் காட்டினாள். எதிரில் இருப்பவர்கள் தலையாட்டினார்கள். வீடு போகும் என்றால் தலையாட்டுவார்கள், வீடு போகாது என்றாலும் அதே மாதிரி ஆட்டுவார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்: “ஒருநாள் காலைல உங்க வீட்டு வாசல்ல பேங்க் பூட்டு தொங்குதுன்னு வைங்க. யார் மேல கோபப்படுவீங்க?” இத்தனை வருஷமாக ஒரே பதில்தான். “அதெல்லாம் நடக்காது மேடம்.” அவளும் ‘புரிந்துகொண்டார்’ என்று எழுதி முத்திரை குத்துவாள்.

நடந்ததும் உண்டு. பூட்டு விழுந்த பிறகு ஒரு மாமனார் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். எதிர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தனியறைக்குள் போகவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று மதியம் வந்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். தம்பிக்காரன் அட்டைப்பெட்டி செய்கிற பட்டறை வைத்திருந்தான். பெட்டியின்மேல் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கக் கடன். அக்காக்காரி மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் தலைமை மருந்தாளர். லிப்ட் ரிப்பேர் என்பதால் இரண்டு மாடி ஏறி வந்த களைப்பில் அவள் மூச்சு வாங்கினாள். அவளுடைய கைப்பையைத் தம்பிதான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். நாற்பது வயது ஆண்பிள்ளை, தோளில் பூப்போட்ட பை, அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

“அக்காவுக்கு சாயங்காலம் ஷிப்ட் இருக்கு மேடம். சீக்கிரம் விட்டுடுவீங்கன்னு மேனேஜர் சொன்னாரு” என்றான்.

“விட்டுடறேன். நீங்க வெளிய உக்காருங்க.”

“நானும் கூட இருக்கேனே. எங்களுக்குள்ள என்ன ரகசியம்?”

“ரகசியம் இருக்கோ இல்லையோ, நீங்க வெளிய இருக்கணும். அதுதான் முறை.”

அவன் சிரித்துக்கொண்டே பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்தான்.

தனியறை என்பது பெயருக்குத்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஏசி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. மங்கலான கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தம்பிக்காரனின் நிழல் கால் மேல் கால் போட்டுக்கொண்டிருந்தது. வக்கீல் ஜாமீன் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகிவிட்ட பாட்டை ஆரம்பித்தாள்.

அக்காக்காரி கையை உயர்த்தி நிறுத்தினாள். “நான் படிச்சிட்டேன் மேடம். முந்தாநாளே தம்பிகிட்ட வாங்கி மூணு தடவ படிச்சேன்.”

“சரி, என்ன புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“இந்த மிஷின் கடனுக்கு மட்டும் இல்ல, அவன் இனிமே வாங்கப் போற கடனுக்கும் நான் ஜாமீன். அளவே கிடையாது. பேங்க் முதல்ல அவனப் போய் கேக்கணும்னு இல்ல, நேரா என்கிட்ட வரலாம். அவன் தவணை கட்டலன்னா எனக்குச் சொல்லணும்னு கூட கட்டாயம் இல்ல. நடுவுல நான் விலகிக்கறேன்னு எழுதிக் குடுத்தாலும், அதுவரைக்கும் வாங்கின கடன் என் தலைல தான்.” மூச்சு விட்டுக்கொண்டாள். “சரியா?”

வக்கீல் பேனாவை மூடினாள். இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் ஒப்பித்ததில்லை. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அவளுக்கு என்னவோ பயமாக இருந்தது. வழக்கம் விடாமல் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

“பூட்டு தொங்கினா யார் மேல கோபமா?” அக்காக்காரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “என் மேலதான். தெரிஞ்சே போட்டேன் இல்ல?”

“உங்க தம்பி தொழில் எப்படி?”

“நல்லவன் மேடம். ராப்பகலா உழைப்பான். ஆனா ஆசைப்படத் தெரிஞ்ச அளவுக்கு கணக்குப் பாக்கத் தெரியாது. இதுக்கு முன்னாடி ஒரு தடவ கடை வெச்சு மூடினான். அப்ப என் நகை போச்சு. அது போகட்டும். இப்ப நானும் என் பொண்ணும் இருக்கற வீடு. என் வீட்டுக்காரர் இருந்தப்ப வாங்கி, அவர் போனப்புறம் நான் ஒத்தையா கட்டி முடிச்ச கடன். அதுமேல மறுபடியும் ஒரு கடன ஏத்த எனக்கு மனசு இல்ல.”

“அப்ப போடாதீங்க. விருப்பம் இல்லன்னா போடக் கூடாது. அதச் சொல்றதுக்குத்தான் இந்த ரூமே இருக்கு. வாங்க, வெளிய போய் சொல்லிடலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

“என்னால சொல்ல முடியாது.”

“நான் பக்கத்துல இருக்கேன்.”

“நீங்க பக்கத்துல இருந்தா என்ன, ஊரே இருந்தா என்ன? அவனுக்கு ஆறு வயசுல இருந்து நான்தான் அம்மா. இது வரைக்கும் அவன் கேட்டு நான் இல்லன்னு சொன்னதே இல்ல. இன்னிக்கு சொல்லிட்டா அப்புறமும் வருவான், பேசுவான், சிரிப்பான். ஆனா ஏதோ ஒண்ணு போயிடும் மேடம். வீடு போனா வாடகைக்குப் போகலாம். அதுக்கு எங்க போறது?”

“அப்ப கையெழுத்து போடப் போறீங்களா?”

“நீங்க குடுக்காதீங்க.”

“எத?”

“அந்த சான்று. நீங்க குடுத்தாதானே நான் போட முடியும்? குடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க. எனக்கு மண்டைல ஏறலன்னு சொல்லுங்க.”

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. “உங்களுக்கு ஏறின அளவுக்கு அந்த மேனேஜருக்கே ஏறியிருக்காதும்மா. நான் பொய் எழுத முடியாது.”

“பொய் எழுத வேண்டாம். வேற எப்படியாவது...”

வேறு எப்படியாவது ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ‘என்னால் சான்றளிக்க இயலவில்லை’ என்று ஒரே வரி. காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, சொல்லவும் கூடாது. தன் விருப்பப்படி கையெழுத்திடுகிறார் என்று இவளுக்குச் சான்றளிக்க உண்மையிலேயே இயலாதுதானே. எழுத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் வக்கீலுக்குத் தெரியும். இரண்டு பக்கப் பத்திரத்தை ஒரு படித்த பெண்ணுக்கு விளக்கத் துப்பில்லாத வக்கீல். பட்டியல் புதுப்பிக்கிற மாதத்தில், வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வதாகும்.

“வேற வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனா?” என்று அக்காக்காரியே கேட்டாள்.

“ஒருத்தர் மாட்டேன்னு எழுத்துல குடுத்தப்புறம் அந்த பேங்க் உங்ககிட்ட கையெழுத்து வாங்கத் துணியாது. நாளைக்கு கோர்ட்டுல உங்க பக்கத்து வக்கீல் முதல்ல அந்தக் கடிதத்தத்தான் காட்டுவார். ஆனா உங்க தம்பி வேற பேங்குக்கே போயிட்டார்னா, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

“மருந்து இல்லாத நோய் நிறைய பாத்திருக்கேன். இப்போதைக்கு இது போதும்.”

வக்கீல் வாளியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்குக் களைப்பாக இருந்தது. இந்த ஊர்ப்பட்ட மனிதர்களின் பாசத்துக்கெல்லாம் முத்திரை குத்திக் குத்திக் கை ஓய்ந்திருந்தது. ஆனால் முடியாது என்று சொன்னால் அதற்குப் பிறகு இவள் கையெழுத்தைப் போட்டுவிடுவாள், சிரித்துக்கொண்டே போடுவாள், தன்னிடமே பேனா கடன் வாங்கிப் போடுவாள் என்று தோன்றியது. கணினிப் பக்கம் நாற்காலியைத் திருப்பி அந்த ஒரு வரிக் கடிதத்தைத் தட்டினாள்.

வெளியே வந்து தம்பிக்காரனிடம் சொன்னபோது அவன் முதலில் வேடிக்கை என்றே நினைத்தான்.

“என்னால சான்று தர முடியலங்க.”

“ஏன் மேடம், என்ன குறை? அக்கா எதாவது பேப்பர் கொண்டு வரணுமா?”

“குறை ஒண்ணும் இல்ல. தர முடியல. காரணம் சொல்றதுக்கில்ல.”

“சொல்றதுக்கில்லன்னா?” அவன் குரல் ஏறியது. “எங்க அக்கா மருந்துச் சீட்டுல டாக்டர் கிறுக்கறதையே படிக்கறவங்க. இந்த ரெண்டு பக்கம் புரியலையா?”

அவன் அதற்குமேல் பேசுவதற்குள் அக்காக்காரி முந்திக்கொண்டாள். “என்ன மேடம் படிச்சீங்க நீங்க? என் வீடு, என் தம்பி. நடுவுல நீங்க யாரு? நான் போடறேன் போடறேன்னு சொல்றேன், ஆகாதுன்னு உக்காந்திருக்கீங்க. பேப்பரப் பாத்துப் பாத்து மனுஷங்கள மறந்துட்டீங்க. உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாதா? இருந்தா இப்படிப் பேச வருமா?”

வரவேற்பு மேசையிலிருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். நாடகம் என்று தெரிந்திருந்தும் வக்கீலுக்கு வலித்தது. இவ்வளவு தேவையில்லையே என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அக்காக்காரியின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. கோபம் பொய்யில்லை. பல வருஷத்துக் கோபம், போக வேறு இடமில்லாமல் இங்கே வந்து கொட்டுகிறது. வக்கீல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

“விடுக்கா. இவங்ககிட்ட என்ன பேச்சு? நீ வா” என்று தம்பிதான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். பையை வாங்கி மறுபடியும் தன் தோளில் மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி படியிறங்கினார்கள். அக்காக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டாள் என்று வக்கீலுக்குத் தெரியும், இருந்தாலும் நின்று பார்த்தாள்.

கடிதத்தை வங்கிக்கு அனுப்பி இரண்டு வாய் தேநீர் குடிப்பதற்குள் மேனேஜர் அழைத்துவிட்டார்.

“மேடம், என்ன இது? நீங்க போய் இப்படிப் பண்ணலாமா? அந்தம்மா நல்லா படிச்சவங்க.”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன புரியலையாம்?”

“அவங்களுக்குப் புரியலன்னு நான் சொல்லலையே.”

“பின்ன உங்களுக்கு விளக்கத் தெரியலையா?”

இந்தத் தொழிலில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே கர்வம் அதுதான். எப்பேர்ப்பட்ட பத்திரத்தையும் யாருக்கும் விளக்கிவிடுவாள் என்ற பெயர்.

“அப்படியே வெச்சுக்கங்க சார்” என்றாள்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். பட்டியல் விஷயமாக மேலிடத்தில் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல் போகலாம் என்பதைப் பட்டும் படாமலும் சொல்லிவிட்டு வைத்தார். அலுவலக வாடகையும் வரவேற்புப் பெண்ணின் சம்பளமும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, அது யாருக்கு என்று தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. தம்பிக்காரன் நின்றுகொண்டிருந்தான், இந்தத் தடவை தோளில் பை இல்லை.

“அக்கா கீழ வண்டில இருக்கா. போனை இங்க வெச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்” என்றான். போன் அவன் கையில்தான் இருந்தது.

“உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அக்காவா உங்கள வேண்டாம்னு சொல்லச் சொன்னா?”

“அந்த ரூமுக்குள்ள பேசினத நான் வெளிய சொல்லக் கூடாதுங்க.”

“எனக்குத் தெரிஞ்சாகணும் மேடம். வேற பேங்க்ல ஒருத்தர் நாளைக்கே வரச் சொல்றாரு. கூப்பிட்டா அக்கா வந்துடுவா. ஆனா மனசுக்குள்ள வேண்டாம்னு நெனச்சுக்கிட்டு வந்தாள்னா...” கையிலிருந்த போனைப் பார்த்தான். “இத்தன வருஷம் குடுத்தது எல்லாமே அப்படித்தானோன்னு ஆயிடும்.”

வக்கீல் அவனைப் பார்த்தாள். பேசாமல் இருந்தாலே ஆமாம் என்றாகிவிடும். ஆமாம் என்றால் வீடு பிழைக்கும். அக்கா எதற்காக அந்த வசவெல்லாம் பேசிவிட்டுப் போனாளோ அது செத்துவிடும். விதிப்படி வாயை மூடிக்கொள்வதுதான் வக்கீலுக்கு அழகு. அந்த அழகை வைத்து என்ன செய்வது?

“உங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியுது. கேக்கத்தான் தெரியல” என்றாள். “வீடு போயிடும்மான்னு சொன்னேன். போனா போகட்டும், தம்பி கேக்கறான்னாங்க. உங்க பொண்ணு எங்க போகும்னு கேட்டேன். அவ மாமா பாத்துப்பான்னாங்க. நான் எதச் சொன்னாலும் தம்பி தம்பின்னு அதே பேச்சு. ஆபத்துன்ற வார்த்தையே அவங்க காதுல ஏறல. அப்படி ஒருத்தர் போடற கையெழுத்துக்கு நான் எப்படிங்க சான்று குடுக்கறது?”

அந்த அறையில் பேசியதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லைதான். சொன்னதில் ஒரு வார்த்தைகூட அங்கே பேசப்பட்டதில்லை.

அவன் உட்கார்ந்துவிட்டான். “அப்படியா சொன்னா?”

“அப்படித்தான்.”

“பைத்தியக்காரி” என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையால் துடைத்தான். வக்கீல் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“இவள இனிமே கேக்கவே கூடாது மேடம்” என்றான், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல. “கேட்டா குடுத்துடுவா. நல்லது கெட்டது பாக்கத் தெரியாது அவளுக்கு. நான்தான் பாத்துக்கணும். பழைய மிஷின் ஒண்ணு விலைக்கு வருது, அதுல சமாளிச்சுக்கறேன்.”

“நல்லது.”

“நான் திரும்பி வந்து கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

“தெரியாது.”

அவன் எழுந்தான். வாசல் வரை போனவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இப்ப கீழ போய், கடனே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்னு சொல்லப் போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, தாங்கிப்பேன். அவதான் பாவம், ரொம்ப வருத்தப்படுவா.”

“ஆமா, படுவாங்க” என்றாள் வக்கீல். “நீங்கதான் பக்கத்துல இருந்து தேத்தணும்.”

அவன் சரியென்று தலையாட்டிவிட்டு, அக்காவைத் தேற்றப் படியிறங்கிப் போனான்.